எழுத்தை வளைத்தலும் சொல்லை வளைத்தலும்

சொற்களை ஓர் உருவத்துக்குள் அமைக்கும் ஆசை தமிழுக்குப் புதிதன்று. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவியை நான்காக வகுத்த மரபில், தேர், பாம்பு, முரசு முதலிய வடிவங்களில் அமையும் பாடல்கள் சித்திரக்கவி எனப்பட்டன. தண்டியலங்காரம் சொல்லணியியலில் இவற்றைக் கூறுகிறது. திருமங்கையாழ்வாரின் திருவெழுகூற்றிருக்கையை, ஒன்று முதல் ஏழு வரை ஏறி இறங்கும் எண்ணடுக்குகளால், தேராக வரைவர். நாகபந்தத்தில் பாம்புடல் பின்னும் கட்டத்திலுள்ள எழுத்து இரு வழியிலும் படிக்கப்படும்.

இங்கே உருவத்துக்காக வளைவது சொல், எழுத்து சிதைவதில்லை. இதனால் பொருள் நலிந்த பாடல்களும் உண்டு. மிறைக்கவி என்ற பெயரே அந்த வருத்தத்தைச் சுட்டுகிறது.

கணினியில் நிலை தலைகீழ். போட்டோஷாப்பில் வில், கொடி, மீன் என 15 வளைப்புப் பாணிகள் உள்ளன. இவை எழுத்தின் உடலையே இழுக்கின்றன. கடலூர்–பண்ருட்டி வழியில் மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊர்களில் கட்டப்படும் பதாகைகளைத் தூரத்திலிருந்து படிப்போருக்கு இதன் விளைவு முக்கியமானது. குறுகும் இடத்தில் புள்ளி கரைந்தால் 'கல்', 'கல' ஆகும். ஈகாரச் சுழி மறைந்தால் 'மீன்', 'மின்' ஆகும். ரோமன் எழுத்தில் பெரும்பாலும் அழகு மட்டும் குறையும்; தமிழில் சொல்லே மாறிவிடும்.

கோரல்டிரா போன்றவற்றில் எழுத்தை வளைகோட்டின்மேல் நிறுத்தும் முறை இதைவிட நல்லது. எழுத்து திரும்புமேயன்றி உருக்குலையாது. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'கொ' மூன்று தனிக்குறிகள். வளைவு கூடினால் அவை தனித்தனியே சாய்ந்து விலகும். எனவே வளைவு மென்மையாகவும் சொற்கள் குறைவாகவும் இருப்பது நல்லது. படிக்க முடியாத சித்திரம் கவியும் அன்று, அறிவிப்பும் அன்று.