பாட்டிலின் முதுகில் ஒரு முகவரி

கழிப்பறை கழுவும் திரவத்தின் மூடி இறுகாமல் இரவெல்லாம் கசிந்ததில், கொல்கத்தாவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சிவப்புத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துவிட்டது. லேக் மார்க்கெட் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் இந்தத் தரையைப் பார்க்கலாம்: சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்ட், சுவரோரம் கறுப்புப் பட்டை, பல வருடம் துடைத்துத் துடைத்து ஏறிய மினுமினுப்பு. கழிப்பறைத் திரவங்களில் பெரும்பாலும் பத்து சதவீதம்போல ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பை அது அரித்துவிடும். பாட்டிலின் விலை நூறு ரூபாய்ச் சொச்சம். "தரைக்கு யார் விலை போடுவார்கள்?" என்று வீட்டுக்கார மாசிமா கேட்டார்.

பாட்டில் எந்த நிறுவனத்துடையது என்பதை விட்டுவிடுகிறேன். விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது, இந்த மாதிரிப் புகாரை வாங்கிக்கொள்வதற்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் கைப்பேசிச் செயலி. 1915 என்ற இலவச எண்ணும் இந்த மையத்துடையதுதான். அந்த எண், வாட்ஸ்அப், இணையதளம், உமங், தனிச் செயலி என்று எந்த வழியில் போனாலும் புகார் சேரும் இடம் ஒன்றே.

பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல், ஓ.டி.பி. என்று கணக்குத் தொடங்கும் வேலை வழக்கம்போலத்தான். அதற்குப் பிறகு மாநிலம், ஊர், துறை, பொருளின் வகை, நிறுவனத்தின் பெயர், பொருளின் மதிப்பு, புகாரின் விவரம் என்று கேட்டுக்கொண்டே போகிறது. பில்லையும் படங்களையும் இணைக்கலாம். முடிவில் ஒரு டாக்கெட் எண் வரும். அதை வைத்துப் பின்னால் நிலவரம் பார்க்கலாம். செயலியைத் திறப்பதற்கு முன்பே பாட்டிலின் முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண், தயாரித்த மாதம், பில் எல்லாவற்றையும் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. விவரப் பெட்டியில் என்ன நடந்தது என்று எழுதுவதோடு, என்ன வேண்டும் என்றும் ஒரு வரி எழுதுங்கள். பணம் திரும்ப வேண்டுமா, மாற்றுப் பாட்டிலா, பழுதுபார்த்த செலவா? கோபத்தை ஒரு பக்கத்துக்குக் கொட்டிவிட்டு இந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். நிறுவனத்தில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவருக்குத் தேவைப்படுவதோ அந்த ஒரு வரிதான்.

எழுதச் சோம்பலாக இருந்தால் 1915ஐ அழைக்கலாம். 17 மொழிகளில் பேசுகிறார்கள். தமிழும் உண்டு, வங்காளமும் உண்டு. நான் தமிழில் பேசிப் பார்த்தேன், சிக்கல் இல்லை. கொல்கத்தாவில் வாங்கிய பொருளுக்குத் தமிழில் புகார் சொல்ல முடிவது வெளிமாநிலத்தில் வாழ்கிறவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. வயதானவர்கள் வீட்டில் இருந்தால் செயலியை விட எண்ணையே சொல்லிக்கொடுங்கள்.

பொருளின் மதிப்பு என்ற பெட்டியில்தான் கொஞ்சம் தயங்கினேன். அங்கே போட வேண்டியது பாட்டிலின் விலை. தரையின் கதையை விவரத்தில்தான் எழுத வேண்டும். அடுத்து நடப்பதைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் புரியும். உதவி மையம் நீதிமன்றம் கிடையாது. புகாரை வாங்கி நிறுவனத்துக்கு அனுப்பி, பதில் வாங்கித் தருவதோடு அதன் வேலை முடிகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்த மையத்தோடு கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. அவற்றின் மேல் வரும் புகார்கள் கணினி வழியே நேராக அவர்களிடம் போய்விடும். கூட்டுச் சேராத நிறுவனம் என்றால் கடிதப் போக்குவரத்துதான். நிறுவனம் முடியாது என்றால், மையம் அதைக் கட்டாயப்படுத்த முடியாது.

எங்கள் விஷயத்தில் சில நாட்களில் நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள். மாற்றுப் பாட்டில்கள் அனுப்பினார்கள். தரையைப் பற்றிக் கேட்டதும் 'மேலிடத்தில் சொல்கிறோம்' என்றார்கள். அந்த மேலிடம் எது என்று இன்றுவரை தெரியாது.

அதற்கு மேல் போக வேண்டுமானால் வழி உண்டு. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழுதான பொருளால் வேறு உடைமைக்கு நேரும் சேதத்தையும் தீங்காகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது அந்தச் சட்டம். அதாவது, பாட்டிலுக்காக மட்டுமில்லாமல் தரைக்காகவும் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். எந்த ஆணையத்துக்குப் போவது என்பதைக் கொடுத்த விலை தீர்மானிக்கிறது. நூறு ரூபாய்ப் பாட்டில் என்றால் மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தபடியே மனு போடலாம். மாசிமா யோசித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மகன் 'கொத்தனாரை வைத்துத் தேய்த்துவிட்டால் ஒரு நாளில் முடியும்' என்கிறார். சிவப்புத் தரை போடத் தெரிந்த கொத்தனார் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பார் என்பது மாசிமாவின் கேள்வி.

செயலியைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான்: அது ஒரு நல்ல தபால்காரர். முகவரி சரியாக இருந்தால் கடிதம் போய்ச்சேரும். அதனால் அந்தப் படிவத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான பெட்டி, நிறுவனத்தின் பெயர். அதை நிரப்பும் சங்கதி செயலிக்குள் இருப்பதில்லை, பாட்டிலின் முதுகில் இருக்கிறது. 2011ஆம் வருடப் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் அங்கே இருக்க வேண்டும். புகார் என்றால் யாரைத் தொடர்புகொள்வது என்று பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். பொடி எழுத்தில் இருக்கும் அந்தப் பத்தியை நாம் யாரும் படிப்பதில்லை. இதைச் சோதிக்க வீட்டிலும் தெருவிலும் கிடைத்த பாட்டில்களை எல்லாம் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன்.

மாசிமாவின் குளியலறை அலமாரியில் இருந்தது பெங்கால் கெமிக்கலின் விளக்கு மார்க் பினாயில். தலைமையகம் 6, கணேஷ் சந்திர அவென்யூ, கொல்கத்தா. மாசிமாவுக்குப் பினாயில் என்றால் அது மட்டும்தான். மற்றதெல்லாம் 'வாசனைத் தண்ணீர்'. இந்த ஊரில் அந்தப் பெயர் ஒரு மெட்ரோ நிலையத்துக்கே உண்டு. 2020 பிப்ரவரியில் சால்ட் லேக் பக்கம் திறந்த வழித்தடத்தில் 'பெங்கால் கெமிக்கல்' என்று அறிவிப்பு வரும்போது முதல்முறை கேட்டவர்கள் சிரிப்பார்கள். பினாயிலும் அந்துருண்டையும் விற்கிற நிறுவனத்துக்கு இந்தியாவில் வேறெங்கே ரயில் நிலையம் இருக்கிறது?

இந்த நிறுவனம் புகாரோடுதான் பிறந்தது. எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கி வந்து பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த பிரபுல்ல சந்திர ராய், 1892இல் 700 ரூபாய் முதலோடு 91, அப்பர் சர்க்குலர் ரோடில் தன் வாடகை வீட்டிலேயே தொழில் தொடங்கினார். சோடியம் பாஸ்பேட் செய்ய எலும்புச் சாம்பல் வேண்டும். பக்கத்து இறைச்சிக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கி மொட்டைமாடியில் காயப்போட்டார். பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த தசை அழுகிப் புழு வைத்தது. காக்கைகள் கூட்டமாக இறங்கி எலும்பைத் தூக்கிக்கொண்டு போய் அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டன. ஆசாரமான குடும்பங்கள் வாழ்ந்த தெரு. எடுக்காவிட்டால் நகராட்சிச் சுகாதார அதிகாரியிடம் போவோம் என்று அண்டைவீட்டார் சொல்லிவிட்டார்கள். ராய் எலும்பை மாணிக்தலா பக்கம் ஓர் இடத்துக்குக் கொண்டுபோய் ராத்திரியில் எரித்தார். வெளிச்சத்தைப் பார்த்து, யாரோ பிணத்தை மறைக்கிறார்கள் என்று போலீஸ் வந்தது. இதையெல்லாம் ராய் தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பின்னாளில் ஊரெங்கும் துர்நாற்றம் போக்கும் சரக்கு விற்ற நிறுவனத்தின் மேல் முதலில் வந்த புகார் துர்நாற்றத்தைப் பற்றித்தான்.

அடுத்த புகார் கடைக்காரர்களிடமிருந்து வந்தது. அது சரக்கின் தரத்தைப் பற்றிக்கூட இல்லை. சீமைச் சரக்கு தானாக விற்கிறது, உள்ளூர்ச் சரக்கை யார் கேட்பார்கள் என்பதுதான் அவர்கள் வாதம். இதைத் தீர்க்கும் வழி ராயின் நண்பரும் மருத்துவருமான அமுல்ய சரண் போஸுக்குத் தெரிந்திருந்தது. கடையை விட்டுவிட்டு மருத்துவர்களைப் பிடித்தார். ராதா கோவிந்த கர், நீல்ரத்தன் சர்க்கார் போன்றவர்கள் நோயாளிகளுக்குப் பெங்கால் கெமிக்கல் மருந்துகளை எழுதிக்கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் இருவர் பெயரிலும் இன்று கொல்கத்தாவில் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. அமுல்ய சரண் 1898இல் பிளேக்கில் இறந்துபோனார். அவருடைய நண்பர் தொடங்கிய தொழில் 1901இல் லிமிடெட் கம்பெனியாகி, 1905இல் மாணிக்தலாவில் தொழிற்சாலை கட்டியது. பானிஹாட்டி, பம்பாய், கான்பூர் ஆலைகள் பின்னால் வந்தன.

1903இல் வேதியியலாளராகச் சேர்ந்து நிர்வாகத்தின் தலைமைக்கு உயர்ந்தவர் ராஜசேகர் பாசு. 'பரசுராம்' என்ற பெயரில் வங்காளத்தின் தலைசிறந்த நகைச்சுவைக் கதைகளை எழுதியவர் அவரேதான். இரும்பைப் பொன்னாக்கும் கல் கிடைத்த ஒருவரைப் பற்றிய அவர் கதையை சத்யஜித் ராய் 1958இல் 'பரஷ் பாதர்' என்று படமாக்கினார். பகலெல்லாம் ரசாயனக் கணக்குப் பார்த்தவருக்கு அந்தக் கற்பனை வந்ததில் ஆச்சரியமில்லை. வாடிக்கையாளர் கடிதங்கள் ஏதாவது அவர் மேசைக்கு வந்திருந்தால் என்ன பதில் எழுதியிருப்பார் என்று யோசிப்பேன்.

பிற்காலம் அத்தனை சுவாரசியமானதில்லை. நஷ்டம் ஏறி, 1977இல் மத்திய அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1980இல் தேசியமயமாக்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேல் நஷ்டத்தில் ஓடிய நிறுவனம் 2016–17இல் சுமார் நாலரைக் கோடி லாபம் காட்டியது. அதே 2016 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அதை விற்க முடிவெடுத்திருந்தது. தொழிலாளர்கள் வழக்குப் போட, 2018இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. அரசு நிறுவனம் என்பதால் வாடிக்கையாளருக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு, பலருக்குத் தெரியாது: தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இதனிடம் கேள்வி கேட்கலாம். தனியார் கம்பெனியிடம் பத்து ரூபாய் கட்டிப் பதில் வாங்க முடியுமா?

முகவரி இருப்பது வேறு, சரக்கு தேறுவது வேறு. அதைப் பார்க்க இன்னொரு செயலி இருக்கிறது, பி.ஐ.எஸ். கேர். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை உள்ளிட்டால் உரிமம் யார் பெயரில், எந்த முகவரியில், எந்தப் பொருளுக்கு என்று காட்டும். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எண்ணைத் தட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கிருமிநாசினித் திரவங்களுக்கான தரம் ஐ.எஸ். 1061. நிலக்கரித் தாரிலிருந்து வரும் அமிலங்களைச் சோப்போடு கலந்தால் கறுப்புப் பினாயில், தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுப்பது அதனால்தான். டைபாய்டு கிருமியைக் கொல்வதில் பீனாலைவிட எத்தனை மடங்கு வீரியம் என்று அளந்து ரிடியல்–வாக்கர் எண் கொடுப்பார்கள். 1903இல் வகுத்த முறை. கறுப்பு ரகத்தில் முதல் தரத்துக்கு 18, மூன்றாம் தரத்துக்கு 5. அதனால் லேபிளில் தரம் எத்தனை என்று பாருங்கள், வாசனையை நம்பாதீர்கள். நான் இப்போது இந்தச் செயலியைத்தான் அதிகம் திறக்கிறேன். இது வாங்குவதற்கு முன்பே உதவுகிறது, 1915 செயலி வாங்கிப் பட்ட பிறகுதான் தேவைப்படுகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஓர் எச்சரிக்கை: கழிப்பறைத் திரவத்தோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கவே கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அதற்குப் பிறகு எந்தச் செயலியாலும் பிரயோஜனமில்லை.

கடைசியாகச் சோதித்தது தெருவில் தள்ளுவண்டியில் வாங்கிய பினாயில். பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, தண்ணீர் கம்பெனியின் லேபிளைக்கூடக் கிழிக்காமல் விற்கிறார்கள். பெயரில்லை, பேட்ச் இல்லை, பில் இல்லை. உதவி மையத்தின் படிவத்தில் நிறுவனம் என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. பி.ஐ.எஸ். செயலியில் தட்ட எண்ணும் இல்லை. பார்த்துத் தண்ணீரென்று குழந்தை குடித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. மாநிலத்தின் எடையளவுத் துறைக்குப் புகார் செய்யலாம், விதி அவர்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. செய்தால் சிக்குகிறவர் சந்தின் முனையில் வண்டி நிறுத்தும் அந்த மனிதர். அவருக்கு இதைக் கலந்து கொடுப்பவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். "கலந்து தருகிறவரை நானே பார்த்ததில்லை தாதா, வேன் வரும்" என்றார். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். மொத்தச் சந்தும் அவரிடம்தான் வாங்குகிறது, விலை பாதி. புகாரை இன்னும் அனுப்பவில்லை.