நீசனுக்கு ராஜயோகம்

அம்பேத்கரின் ஜாதகத்தை அலசி எழுதும் சோதிடர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு காலத்தில் அவர் பெயரைச் சொல்லவே கூசியவர்கள் இப்போது கட்டம் போடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் அவரை எப்படி உட்கார வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கு.

1891 ஏப்ரல் 14, மாவ் ராணுவக் குடியிருப்பு. சித்திரை மாதம், மேஷத்தில் சூரியன் உச்சம். சூரியன் அரசாங்கத்துக்குக் காரகன், ஆகவே சட்ட அமைச்சரானார் என்கிறார்கள். சித்திரை முழுக்கச் சூரியன் மேஷத்துலதான இருக்கான்? அந்த மாசம் மகர் தெருவுல பொறந்த புள்ளைங்க எல்லாத்துக்கும் அதே உச்சம்தானே? கேட்டால், லக்னம் வேறு என்பார்கள். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். பிறந்த நேரம் சரியாகத் தெரியாவிட்டால், நடந்து முடிந்த வாழ்க்கையை வைத்து நேரத்தைத் திருத்திக்கொள்வது அவர்கள் வழக்கம். மந்திரியானவருக்கு மந்திரியாகிற லக்னம். விடையைப் பாத்துப் போடுற கணக்கு.

எனக்குக் கணக்கைவிடச் சொற்கள்தான் உறுத்துகின்றன. இந்தச் சோதிடத்தின் மூலநூல்களில் ஒன்று வராகமிகிரரின் பிருகத் ஜாதகம். அதில் குருவும் சுக்கிரனும் பார்ப்பனர்களுக்கு அதிபதி. சூரியனும் செவ்வாயும் சத்திரியர்களுக்கு, சந்திரன் வைசியருக்கு, புதன் சூத்திரருக்கு. வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்ட நமக்குச் சனி. பூமியில் ஊர், சேரி என்று பிரித்தது போதாமல் ஆகாசத்திலும் பிரித்திருக்கிறார்கள். கிரகம் வலுவிழந்தால் அதற்குப் பேர் நீசம். தெருவுல நம்மளத் திட்டுற அதே சொல்லுதான். அந்த நீசம் கழிந்தால் நீசபங்க ராஜயோகம். சேரியில் பிறந்து மேலே வந்த எவருக்கும் இதைத் தேடிப் பொருத்திவிடலாம். படிக்கிறவன் மனசில் என்ன தங்கும்? பிறப்பு இழிவானதுதான், ஏதோ கிரகம் பார்த்துக் காப்பாற்றிவிட்டது என்பதுதான்.

அவர் படித்த கதைக்கு ஆகாசம் வரை போக வேண்டியதில்லை. அப்பா ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார், ராணுவப் பள்ளி வாத்தியார். அந்த வீட்டுக்கு எழுத்து வந்தது பட்டாளத்து வழியாக. 1890களில் மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை வெள்ளைக்காரன் நிறுத்தினான். பிறகு பிறந்த பிள்ளைகளுக்குச் சூரியன் உச்சத்தில் இருந்தும் அந்த வழி அடைபட்டது. 1913இல் கொலம்பியாவுக்குப் போனது பரோடா மன்னரின் உதவித்தொகையில். 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி பெயரில் ஒரு விடுதியில் தங்கினார். தடியோடு வந்த கூட்டம் துரத்தியது. அதைச் சனி திசை என்று எழுதிவிட்டால் தடி பிடித்தவன் தப்பித்துக்கொள்வான். 1927 மார்ச் 20, மகாத் சவுதார் குளத்தில் அவரோடு ஆயிரக்கணக்கானோர் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள், அன்றைக்கே அடியும் வாங்கினார்கள். அவங்களுக்கெல்லாம் எவன் ஜாதகம் எழுதினான்?

நமக்குள்ளும் இது சிக்கல்தான். வள்ளுவர்கள் பட்டியல் சாதிதான், தலைமுறை தலைமுறையாகச் சோதிடம் பார்த்து வருபவர்கள். அந்தப் பாட்டன்களின் கணக்கறிவை நான் இளப்பமாகப் பேசமாட்டேன். ஆனால் ஏப்ரல் 14 நோட்டீசில் அவர் படத்துக்குக் கீழே ராசிக்கட்டம் போடலாமா என்று நம்ம பசங்களே கேக்குறாங்க. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அவர் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த 22 உறுதிமொழிகளில், பார்ப்பனரைக் கொண்டு எந்தச் சடங்கும் செய்யமாட்டேன் என்பதும் ஒன்று. கட்டத்துக்கு ஒதுக்கின இடத்துல அந்த 22ஐயும் அச்சடிச்சிரலாம். எழுத்து கொஞ்சம் பொடிசா இருக்கும், பரவாயில்ல.