புள்ளி தெரியும் திரை: தமிழ்க் கற்றல் இணையப்பக்கங்களின் வண்ணத் தேர்வு

தமிழ் இணையம் பற்றிய நம் ஆய்வுகள் நெடுங்காலம் எழுத்துக் குறியேற்றத்தையும் விசைப்பலகையையும் சுற்றியே நிகழ்ந்தன. 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ்நெட்97 கருத்தரங்கிலும் 2001இல் கோலாலம்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டிலும் அவையே தலையாய சிக்கல்களாக இருந்தமை இயல்பே. எழுத்தே ஒழுங்காகத் தோன்றாத காலத்தில் அஃது எவ்வண்ணத்தில் தோன்றவேண்டும் என வினவுதல் மிகை. ஆயின், ஒருங்குறி வேரூன்றிய பின்னரும் அவ்வினா எழாமற் போனது வியப்பிற்குரியது. வண்ணம் இன்றும் அலங்காரமாகவே கருதப்படுகிறது. தமிழைப் பொறுத்தவரை அது வாசிப்புச் சிக்கல் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதற்கான காரணம் நம் எழுத்திலேயே உள்ளது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. எழுத்தாணியின் குத்து ஓலையைச் சிதைக்கும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். சுவடிகளைப் பதிப்பித்தோர் மெய் எது, உயிர்மெய் எது எனச் சூழல்கொண்டு தெளியவேண்டியிருந்தது. அச்சு மீட்டுத்தந்த புள்ளியைத் திரை மீண்டும் மங்கச்செய்கிறது. பின்னணியோடு கலந்துவிடும் வண்ணத்தில் முதலில் மறைவது புள்ளியே. ‘கல்வி’ என்ற சொல்லில் புள்ளி மறைந்தால் ‘கலவி’ எஞ்சும். பள்ளி இணையப்பக்கத்தின் தலைப்பில் இது நேர்வதை எந்த ஆசிரியரும் விரும்பமாட்டார்! தேர்ந்த வாசகர் சூழலால் சரிசெய்துகொள்வார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவர்க்கு அத்துணை இல்லை. வீட்டில் தமிழ் பேசாத மாணவர்க்கோ அது முற்றிலும் இல்லை.

வண்ண வேறுபாட்டை அளந்தறிய வழியுண்டு. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2008இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு, எழுத்திற்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5 இருக்கவேண்டும் என்கிறது. பெரிய எழுத்திற்கு 3 போதும். வெள்ளைமேல் கருப்பு 21. மங்கலம் கருதி நாம் விரும்பும் சிவப்புப் பின்னணியில் தூய மஞ்சள் எழுத்து ஏறத்தாழ 3.7 மட்டுமே. வெள்ளைமேல் தூய சிவப்பு, அதாவது ஆசிரியர் திருத்தும் மையின் வண்ணம், 4.0. கருப்புமேல் தூய நீலம் 2.4. மஞ்சள்மேல் கருப்போ 19ஐக் கடக்கிறது. ஆக, மஞ்சளைக் கைவிட வேண்டியதில்லை. அதனை எழுத்திற்கன்றிப் பின்னணிக்குப் பயன்படுத்தலாம். மஞ்சளும் குங்குமமும் நம் பண்பாட்டு அடையாளம் என்பார் கூற்றை மறுக்கவில்லை. திருமண அழைப்பிதழைச் சில நொடிகள் பார்க்கிறோம். பாடத்தையோ அரைமணி நேரம் படிக்கிறோம். இதற்கு மறுதலையாக, வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்தை நேர்த்தி எனக் கொள்ளும் இன்றைய மோகமும் ஏற்கத்தக்கதன்று. பெரிதும் வழங்கும் சாம்பல் நிறமொன்றின் விகிதம் 2.85தான்.

இந்நெறிமுறைகளையும் அப்படியே ஏற்க இயலாது. பெரிய எழுத்து என்பதற்கு 18 புள்ளியளவு (தடித்த எழுத்தாயின் 14) என வரையறுக்கும் அவை, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துருக்களுக்கு மட்டும் நிகரான அளவு கொள்ள இடந்தருகின்றன. தமிழ் அங்கே குறிக்கப்படவில்லை. ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் நெருங்கிய சுழிகளுக்கு இலத்தீன் எழுத்தின் அளவுகோல் பொருந்துமா என்பதை நாமே சோதித்தறியவேண்டும். அதுவரை பெரிய எழுத்திற்கான சலுகையைத் தமிழுக்குக் கொள்ளாமல், எல்லா அளவிற்கும் 4.5ஐயே கீழெல்லையாக வைப்பது தக்கது என்பது என் முடிபு.

பயிற்சிப் பக்கங்களில் சரியான விடையைப் பச்சையாலும் தவற்றைச் சிவப்பாலும் மட்டுமே காட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர்க்குச் சிவப்பு-பச்சை வேறுபடுத்துவதில் குறையுண்டு. பிற இனத்தவரிடம் இவ்விழுக்காடு குறைவெனினும் இல்லாமலில்லை. ‘சரி’, ‘தவறு’ என்ற சொற்களையும் உடன் இடுவதில் சிரமம் ஏதுமில்லை.

பொத்தான்களைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொல்லுக்கென அளந்த பொத்தானில் ‘பதிவிறக்கம்’ அடங்காது. அதனை அடக்க எழுத்தைச் சிறிதாக்கினால் மீண்டும் புள்ளிக்கே ஆபத்து. பொத்தானை அகலமாக்குவதே முறை.

பாடப்பக்கத்தை வெளியிடுமுன் வகுப்பறைப் புரொஜெக்டரில், விளக்குகள் எரிகையில், ஒருமுறை காட்டிப் பார்க்கலாம். அங்கு வண்ணங்கள் கணித்திரையைவிட மங்கும். கடைசி வரிசை மாணவர் ஒருவரைத் தலைப்பை உரக்கப் படிக்கச் சொன்னால், எந்த வண்ணத்தை மாற்றவேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.