முன்பாட்டும் பின்பாட்டும்: பழனிச் சாலை அலசல்

தைப்பூசம் நெருங்கும் நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை சுமார் 60 கிலோமீட்டர் சாலை முழுக்கப் பாட்டுதான். அதைப் பக்திக் கணக்கில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வெறுங்காலோடு, தோளில் காவடியோடு, நாள் முழுக்க நடந்தபடியே பத்து இருபது பேர் தாளம் தப்பாமல் சேர்ந்து பாடுவது மேடைக் கலைஞர்களிடம்கூட யாரும் எதிர்பார்க்காத உடல்திறன். ஓர் ஆட்டத்தை அலசுவதுபோல இதையும் அலசிப் பார்க்க வேண்டும்.

முதல் விஷயம் மூச்சு. முன்பாட்டுக்காரர் ஓர் அடியைப் பாடும்போது குழு மூச்சு வாங்கிக்கொள்கிறது. குழு அதை வாங்கிப் பாடும்போது அவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். பாடுகிற சுமை இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடுவதால்தான் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்க முடிகிறது. 1944-இல் அமெரிக்க ராணுவத்தில் வில்லி டக்வொர்த் என்ற கறுப்பின வீரர், களைத்துத் திரும்பிய படைக்கு நடைப்பாட்டு கட்டியபோது கையாண்டதும் இதே முறைதான். கத்தோலிக்கப் பவனிகளின் மன்றாட்டு மாலையும் அப்படியே: ஒருவர் புனிதரின் பெயரைச் சொல்ல, கூட்டம் ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்லும். திண்டுக்கல் புனித வளனார் பேராலயத்தைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இது காதில் ஊறிய விஷயம். எந்த மதத்துக்காரர் நடந்தாலும் நுரையீரல் ஒன்றுதானே.

அடுத்தது பாட்டுத் தேர்வு. நல்ல முன்பாட்டுக்காரரை இங்கேதான் அடையாளம் காணலாம். சமதளச் சாலைக்குக் காவடிச் சிந்தை மிஞ்சிய வகை கிடையாது. வழிநடைச் சிந்திலிருந்து வளர்ந்தது அது. பெரும்பாலும் திஸ்ர நடை, அதாவது ஓர் அடிக்கு மூன்று எண்ணிக்கை. கால் தரையில் படும் இடத்தில் தட்டு விழும், மிச்ச இரண்டு எண்ணிக்கையில் தோளில் காவடி அசைந்து கொடுக்கும். நிமிடத்துக்கு நூறு அடி வைத்தாலும் பாட்டு ஓடாது, இழுக்காது. அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) கழுகுமலை முருகன் மேல் பாடிய சிந்துகள், ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பர் அங்கே காவடி எடுத்துப் போனபோது பிறந்தவை என்பார்கள். நடந்து பார்த்தால் நம்பத் தோன்றும். கடைசிச் சீரில் குழு சேர்ந்துகொள்ள இடம் விட்டே அடிகளைக் கட்டியிருக்கிறார்.

திருப்புகழ் வேறு ஆட்டம். பழனி மேல் மட்டும் அருணகிரிநாதரின் பாடல்கள் ஏறக்குறைய நூறு கிடைத்திருக்கின்றன. அவற்றை வழியில் பாட எல்லாருக்கும் ஆசை. ஆனால் அவர் சந்தங்களில் பல ஐந்து, ஏழு, ஒன்பது என்று எண்ணிக்கை மாறிக்கொண்டே இருப்பவை. நமக்கு இருப்பதோ இரண்டு கால். ஐந்து எண்ணிக்கைப் பாட்டை எண்ணிக்கைக்கு ஓரடி வைத்துப் பாடினால், முதல் சுற்றில் இடது காலில் விழுந்த அழுத்தம் அடுத்த சுற்றில் வலது காலுக்குப் போய்விடும். நாலைந்து சுற்றில் பின்வரிசை தடுமாறும். சில குழுக்கள் இதைச் சமாளிக்க எல்லாவற்றையும் நாலாக அடித்துத் தட்டையாக்கிவிடுகின்றன. கேட்கவே மனம் வலிக்கிறது. தங்கலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஜால்ராவோடு பாட வேண்டியது அது. ஒட்டன்சத்திரம் பக்கம் ராத்திரி தங்கும் இடங்களில், பெரியவர் ஒருவர் விரலால் தொடையில் ஐந்து ஐந்தாக எண்ணிக்கொண்டு பிள்ளைகளுக்கு அடி அடியாகச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டால் வித்தியாசம் புரியும்.

நிதானத்துக்கு நகரத்தார் காவடியைச் சொல்ல வேண்டும். குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாக வரும் அவர்கள் திரும்பும்போதும் நடந்தே போகிறவர்கள். முதல் நாளே தொண்டையைக் கொட்டித் தீர்த்தால் ஊர் போய்ச் சேர முடியாது. ஆகவே பாட்டையும் அளந்தே செலவழிக்கிறார்கள். மாரத்தான் ஓடுபவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

மலை அடிவாரத்தில் எல்லாக் கணக்கும் மாறுகிறது. 693 படி. சிந்து பாடிக்கொண்டே ஏறப் பார்ப்பவர்கள் பாதியிலேயே வாயைப் பிளந்து நிற்கிறார்கள். விவரமான முன்பாட்டுக்காரர் படியில் கால் வைத்ததுமே பாட்டை நிறுத்திவிட்டுக் கோஷத்துக்கு வந்துவிடுவார். “வெற்றிவேல் முருகனுக்கு” என்று அவர் எடுத்தால் “அரோகரா” என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும். அடுத்த நாலைந்து படிக்கு மூச்சு மிச்சம். யானைப்பாதையில் ஏற்றம் மெதுவானது என்பதால் அங்கே சின்ன நாமாவளி தாங்கும்.

இந்த அலசலில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. குழுவுக்கு முன்னால் குட்டியானை வண்டியில் ஸ்பீக்கர் கட்டிப் பதிவுப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். குரல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பதிவு பின்னால் திரும்பிப் பார்க்காது. பின்வரிசையில் ஒரு பாட்டி பின்தங்கினால் வேகத்தைக் குறைக்காது, பதில் வாங்க நிற்காது. பித்துக்குளி முருகதாஸ் (1920–2015) மேடையில் இருந்துகொண்டே அரங்கம் முழுவதையும் பின்பாட்டுப் பாட வைத்தவர். அவருடைய பதிவைக் கேட்டபடி வாய் மூடி நடப்பது எவ்வளவு பெரிய இழப்பு! வண்டிகள் தண்ணீரும் மூட்டையும் சுமந்து வரட்டும். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, குழுவில் பாடத் தெரிந்த பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளை ஒன்றை முன்னால் நடக்க விடுங்கள். பழனி போய்ச் சேருவதற்குள் முன்பாட்டு எடுக்க அடுத்த ஆள் தயார்.