எட்வேட் லியரின் நகைப்பாடல்களும் படங்களும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்து, அது தோன்றும் நிலைக்களன்களுள் இளமையையும் ஒன்றாகக் கொண்டார். இளையோர்க்குரிய அந்நகையைப் புள்ளும் விலங்கும் கொண்டு ஆக்கிய ஆங்கிலக் கவிஞருள் எட்வேட் லியர் (1812–1888) தலைசிறந்தவர். 1874ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்து சென்றவர் அவர். அவர்தம் பாடல்கள் பொருளற்ற விளையாட்டென்றும், உடனுள்ள படங்கள் வெறும் அணியென்றும் கருதுவாருளர். அக்கருத்துப் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

லியர் கவிஞராக அறியப்படுமுன்னரே ஓவியராக விளங்கினார். பாடஞ்செய்த பறவையுடல்களைப் பார்த்து வரைதல் பெருவழக்காயிருந்த காலத்தில், இலண்டன் விலங்கியற் சங்கத்தின் தோட்டத்து உயிர்க்கிளிகளை நேரிற் கண்டு வரையலானார். அப்பொழுது அவர்க்கு வயது 18. அம்முயற்சியின் பயனாக 1830 முதல் 1832 வரை 42 படங்கள் வெளிவந்தன. பின்னர் டார்பிப் பிரபுவின் நோஸ்லி மாளிகையில் வளர்க்கப்பட்ட உயிரினங்களை வரையும் பணி வாய்த்தது. அம்மாளிகைச் சிறுவரை மகிழ்விக்க இயற்றியவையே 1846இல் வெளியான நகைப்பாடல் நூலுக்கு வித்தாயின. எனவே, அவர் நகைச்சுவை, உயிரினங்களின் இயல்பை உள்ளவாறு கண்டறிந்த கண்ணிலிருந்து பிறந்தது எனலாம்.

அந்நூலிலுள்ளவை 'லிமெரிக்' எனப்படும் சிறுபாடல்கள். அவற்றின் ஈற்றடி பெரும்பாலும் முதலடியையே சிறிது மாற்றிக் கூறும். புதுமையான முடிவை எதிர்பார்ப்போர் இதனைக் குறை என்பர். எழுத்தை மட்டும் படிப்பார்க்கு அது குறையே. படத்தோடு படிப்பார்க்கோ, மீண்டு வரும் அவ்வடி கண்ணையும் படத்தின்பால் மீட்கின்றது. தாடியிற் பறவைகள் கூடுகட்டியதாகக் கிழவரொருவர் முறையிடும் பாடலில், முறையீடு பாட்டில் உளது. பறவைகளோ படத்தில் தமக்குரிய இடத்தில் இருப்பனபோல அமர்ந்துள்ளன. இம்முரணே நகையை விளைக்கின்றது. வேறு பல படங்களில் மனிதரின் மூக்கு அலகாகவும், பின்னோக்கி வீசிய கைகள் சிறகாகவும் தோன்றுகின்றன. இவற்றைப் பாட்டு யாண்டும் கூறுவதில்லை.

1871ஆம் ஆண்டு நூலிலுள்ள ஆந்தையும் பூனையும் பற்றிய பாடல் இவற்றினும் உயர்ந்தது. இவ்விரண்டும் படகேறிச் சென்று மணம் புரிகின்றன. பாட்டு இதனை வியந்துரைப்பதுமில்லை. இதனின்று நீதி புகட்டுவதுமில்லை. லியர் வரைந்த படத்தில் ஆந்தை யாழ்போன்றதொரு கருவியை மீட்டினும், அதற்கு மனிதவுடை அணிவிக்கப்படவில்லை. ஆந்தை ஆந்தையாகவே உளது. நிகழ்ச்சி புனைவேயாயினும் உயிர் மெய்யாதலின் குழந்தை நம்புகின்றது.

1896இல் பெல்லொக் எழுதிய விலங்குப் பாடல் நூலுக்குப் படம் வரைந்தவர் பசில் பிளாக்வுட். அங்குப் பெரியோரின் நீதியுரை நகையாடப்படுகின்றது. அது எள்ளல்வழி வந்த நகை. லியரிடத்துள்ளது இளமைவழி வந்த நகை. பாடியவரும் வரைந்தவரும் ஒருவரேயாதலின், சொல் விட்டதைக் கோடும், கோடு விட்டதைச் சொல்லும் நிரப்புகின்றன.

ஆகவே, படங்களை நீக்கி இப்பாடல்களை மட்டும் பதிப்பிப்போர் அணியை நீக்கினாரல்லர். பாட்டிற் பாதியை நீக்கினாராவர். வகுப்பறையில் ஓசையின்பம் ஒன்றே கருதி இவற்றை ஓதுவிக்கும் ஆசிரியரும் இதனை உளங்கொள்ளல் தகும். லியரைக் கற்கும் மாணவன் காதோடு கண்ணையும் திறந்து கற்றல் வேண்டும்.