'லிற்றில் விமின்' நாவலிற் சினமும் மன்னிப்பும்

உடன்பிறந்தாரிடையே அன்பு தானாகவே ஊற்றெடுக்கும் என்பது சிறுவர் நூல்கள் பெரும்பாலும் மேற்கொள்ளும் கொள்கையாகும். அவற்றில் எழும் பிணக்கு ஒரு பக்கத்தில் தோன்றி மறுபக்கத்தில் மறைந்துவிடும். அமெரிக்க எழுத்தாளராகிய லூயிசா மே அல்கொற் அம்மையார் (1832-1888) இயற்றிய 'லிற்றில் விமின்' என்னும் நாவல் இக்கொள்கைக்கு மாறாக நிற்பது. சகோதரியர் நால்வரின் ஒற்றுமையைக் கூறும் நூல் என்றே பலரும் அதனைப் போற்றுவர். ஆயினும், அவ்வொற்றுமை குலைந்த இடத்திலேயே நூலின் உண்மையான சிறப்பு வெளிப்படுகின்றது.

பெண் பிள்ளைகளுக்கென ஒரு நூல் எழுதித் தருமாறு பொஸ்ரன் நகரப் பதிப்பாளர் தோமஸ் நைல்ஸ் என்பார் கேட்டதன் பயனாக இந்நாவல் எழுந்தது. முதற் பாகம் 1868ஆம் ஆண்டிலும் இரண்டாம் பாகம் 1869ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. தந்தை அமெரிக்க உள்நாட்டுப் போரிற் படையினருக்கு மதகுருவாகச் சென்றுவிட, மெக், ஜோ, பெத், ஏமி என்னும் நால்வரும் தாயின் அரவணைப்பில் வளர்கின்றனர். மூத்தவளின் பொறுப்பும் பெத்தின் சாந்தமும் பெரும் பிணக்குக்கு இடந்தருவன அல்ல. மோதல் முற்றுவது ஜோவுக்கும் கடைக்குட்டியாகிய ஏமிக்கும் இடையிலேயே. ஜோ எழுத்தை நேசிப்பவள். எதனையும் முகத்துக்கு நேரே கூறுபவள். ஏமி ஓவியத்தை நேசிப்பவள். நயத்தையும் நாகரிகத்தையும் பெரிதாக மதிப்பவள்.

முதற் பாகத்தின் எட்டாம் அத்தியாயத்தில் இம்மோதல் உச்சமடைகின்றது. தன்னை நாடகம் பார்க்க அழைத்துச் செல்ல மறுத்த ஜோவைப் பழிவாங்க எண்ணிய ஏமி, அவள் பல்லாண்டுகள் முயன்று எழுதிய கதைகளின் கையெழுத்துப் பிரதியை நெருப்பிலிடுகின்றாள். பழைய பிரதியை ஜோ முன்னரே அழித்துவிட்டமையால் இழப்பு மீட்க முடியாததாகின்றது. ஏமி மன்னிப்புக் கேட்டும் ஜோ இரங்கவில்லை. மறுநாள் அயல்வீட்டு இளைஞன் லோரியுடன் அவள் உறைந்த ஆற்றின்மீது சறுக்கி விளையாடச் செல்ல, ஏமியும் பின்தொடர்கின்றாள். ஆற்றின் நடுப்பகுதி ஆபத்தானது என்ற லோரியின் எச்சரிக்கை ஜோவின் செவியில் விழுகின்றது. அவளோ அதனைத் தங்கைக்கு எடுத்துரைக்கவில்லை. பனிக்கட்டி உடைந்து ஏமி நீரில் வீழ்கின்றாள்; பின்னர் இருவராலும் காப்பாற்றப்படுகின்றாள்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. ஏமி செய்தது வேண்டுமென்றே செய்த அழிவு. ஜோ செய்தது சினத்தினால் ஒரு சொல்லை அடக்கிக்கொண்டமை. ஆயினும், பனிக்கட்டி உடைந்த கணத்தில் குற்றவாளி மாறிவிடுகின்றாள். எரிந்த ஏடுகள் மறக்கப்பட, மன்னிக்க மறுத்தவளே மனம் உருகி அழுகின்றாள். நீதி தீர்க்கவேண்டிய வழக்கை விபத்தொன்று தீர்த்துவைப்பது கதையமைப்பிலுள்ள குறை என்று கூறுதல் தகும். எழுத்தையே ஊதியமாக்கிக் குடும்பத்தைத் தாங்கிய ஆசிரியை, எரிந்த பிரதியின் மதிப்பை அறியாதவர் அல்லர். அறிந்திருந்தும் அவ்வாறு அமைத்தமைக்கு விடை அத்தியாயத்தின் தலைப்பிலேயே உள்ளது. ஜோ அப்பொலியனைச் சந்திப்பதாக அது கூறுகின்றது. அப்பொலியன், ஜோன் பன்யன் 1678இல் வெளியிட்ட 'பில்கிறிம்ஸ் புறோகிறெஸ்' என்னும் நூலில் யாத்திரிகன் எதிர்த்துப் போரிடும் அரக்கன். ஜோவின் அரக்கன் ஏமி அல்லள்; அவளுடைய சினமே என்பது ஆசிரியையின் கருத்து.

இக்கருத்து வெறும் உபதேசமாகத் தாழ்ந்துவிடாமற் காப்பது அதனைத் தொடர்ந்து வரும் தாயின் கூற்றாகும். பொறுமையின் வடிவமாகத் தோன்றிய அத்தாய், தானும் அநேகமாக ஒவ்வொரு நாளும் சினங்கொள்பவளே என்றும், நாற்பது ஆண்டுகள் முயன்றும் அதனை அடக்க மட்டுமே கற்றதாகவும் மகளிடம் ஒப்புக்கொள்கின்றாள். சினம் வயதோடு நீங்கும் குழந்தைக் குறும்பு அன்று. வாழ்நாள் முழுவதும் தொடரும் போராட்டம் என்பதைச் சிறுவர்க்கு இத்துணை நேர்மையாக உரைத்தமை அரிய துணிவாகும்.

அப்போராட்டத்தின் பயனை இரண்டாம் பாகத்திற் காணலாம். ஐரோப்பாவுக்குச் செல்ல ஜோ நெடுங்காலம் ஏங்கியிருந்தாள். உறவினரான பெண்மணி தம்முடன் அழைத்துச் செல்வதோ ஏமியையே. உதவி பெறுவது தனக்குப் பிடியாது என்று அப்பெண்மணியின் முன்னிலையிற் கடுமையாகப் பேசித் தன் வாய்ப்பைத் தானே கெடுத்தவள் ஜோ. இம்முறையும் இழப்பு அவளுக்கே, வெற்றி ஏமிக்கே. எனினும் இங்கே பனிக்கட்டியும் இல்லை, விபத்தும் இல்லை. ஜோ மறைவில் அழுகின்றாள். தங்கை புறப்படும்வரை மகிழ்முகத்துடன் உதவுகின்றாள். ஆற்றங்கரையில் அச்சம் பெற்றுத்தந்த மன்னிப்பை இங்கே அவள் தன் முயற்சியாற் பெறுகின்றாள். முன்னைய காட்சியின் குறையை இக்காட்சி நிறைவு செய்கின்றதெனலாம்.

ஆசிரியையின் வாழ்வும் இதற்குத் துணை நிற்கின்றது. அவருடைய இளைய சகோதரி மேயின் பெயரிலுள்ள ஆங்கில எழுத்துக்களை இடம் மாற்றினால் ஏமி என்றாகும். மேயும் ஓவியரே, முதற் பாகத்துக்குப் படம் வரைந்தவரும் அவரே. தமக்கையின் நூல்கள் ஈட்டிய பணம் தங்கை ஐரோப்பாவில் ஓவியம் பயில உதவிற்று. 1879இல் மே பெண் குழந்தையொன்றை விட்டு மறைந்தபோது, அக்குழந்தையைப் பொறுப்பேற்று 1888இல் தாம் இறக்கும்வரை வளர்த்தவர் லூயிசாவே. சகோதர அன்பு பிறப்பால் மட்டும் வருவதன்று, நாள்தோறும் தேடிக்கொள்ள வேண்டியது என்ற உண்மையை நூலில் எழுதியவர், அதனைத் தம் வாழ்விலும் கடைப்பிடித்தார்.