வாட்டர்லூவில் யாருக்குக் கரடித்தோல் தொப்பி?

நெப்போலியன் காலப் போர்களை மேசைமேல் ஆடுபவர்களிடம் பிரெஞ்சு ஏகாதிபத்தியக் காவல்படை ஒரு செட்டாவது இருக்கும். 28 மில்லிமீட்டர் பொம்மைகள். நீலக் கோட்டு, சிவப்புத் தோள்குஞ்சம், வெள்ளைக் கால்சட்டை, உயரமான கரடித்தோல் தொப்பி. பொத்தான்வரைக்கும் பிரஷ் போயிருக்கும். அழகாத்தான் இருக்கு. ஆனால் அதையே வாட்டர்லூ மேசையில் கொண்டுவந்து வைக்கும்போதுதான் எனக்குச் சிக்கல்.

1815 ஜூன் 18 அன்று மாலை ஏழரை மணி வாக்கில் மேட்டின்மீது ஏறிய கடைசித் தாக்குதலில் முன்னால் போனவை பெரும்பாலும் கிரனேடியர், ஷஸ்ஸர் பிரிவுகளின் 3ஆம், 4ஆம் ரெஜிமென்ட்டுகள். எல்பா தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பாரிஸ் வந்து சேர்ந்ததே மார்ச் 20. இந்த ரெஜிமென்ட்டுகள் அதற்குப் பிறகு ஏப்ரல், மே மாதங்களில் அவசரமாகத் திரட்டப்பட்டவை. ஆட்கள் போர் பார்த்தவர்கள்தான். உடைதான் தைத்து முடியவில்லை. கரடித்தோல் தொப்பி கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் ஷாக்கோ, சாதாரணத் தொப்பி என்று கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு, மேலே பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

இது ஒன்றும் ரகசியம் இல்லை. சீருடை பற்றிய புத்தகங்களிலேயே இருக்கு. அப்புறம் ஏன் யாரும் அப்படித் தீட்டுவதில்லை?

ஒரு காரணம் வேலைமுறை. 36 பொம்மைகளை வரிசையாக ஒட்டிவைத்து, முதலில் எல்லாத் தொப்பிக்கும் கறுப்பு, அதன்மேல் சாம்பல் நிறத்தில் டிரை பிரஷ், பிறகு எல்லாக் கோட்டுக்கும் நீலம் என்று போனால் ஒரு வாரத்தில் பட்டாலியன் தயார். ஆளுக்கொரு கோட்டு, ஆளுக்கொரு தொப்பி என்றால் ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகக் கலர் கலக்கணும். பொறுமை போயிடும்.

இன்னொரு காரணம் ஜெயித்தவர்களின் கதை. எதிரே நின்ற பிரிட்டனின் முதலாம் காலாட்காவல் படைக்கு, கிரனேடியர்களை முறியடித்ததற்காக என்று சொல்லி, அடுத்த மாதமே 'கிரனேடியர் கார்ட்ஸ்' என்ற பெயர் கொடுத்தார்கள். கரடித்தோல் தொப்பியும் அந்தப் படை முழுவதற்கும் வந்தது. பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கும் தொப்பியின் பின்கதை இதுதான். அவர்கள் உண்மையில் முறியடித்தது ஷஸ்ஸர்களை! தோற்றவன் எவ்வளவு மிடுக்காக இருந்தானோ, ஜெயித்தவனுக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைக்குத்தான் இன்றைக்கும் நாம் வார்னிஷ் அடிச்சுக்கிட்டிருக்கோம்.

சிலர் இதற்கு மாற்றாக, முழு உடைப் பொம்மைகள்மேல் பழுப்பு வாஷை ஊற்றி, காலில் சேறு பூசிவிடுகிறார்கள். அது முந்தைய ராத்திரி பெய்த மழையைக் காட்டும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்குள் ஒட்டுப்போட்டுச் சேர்த்த படை என்பது அதில் தெரியாது. வெலிங்டனுக்கு எதிரில் கடைசி நம்பிக்கையாக நெப்போலியன் அனுப்பியது எந்த நிலையில் இருந்த படை என்று ஆடுபவனுக்குப் புரிய வேண்டுமென்றால், சாம்பல், பழுப்பு, நீலம் என்று கோட்டுகள் கலந்து நிற்கணும்.

கரடித்தோல் தொப்பிகளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. 1ஆம் கிரனேடியர் ரெஜிமென்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அந்தத் தாக்குதலில் போகவே இல்லை. பின்னால் சதுர வடிவில் நின்று, ஓடிவந்த படைக்குக் காவல் கொடுத்தார்கள்.